மறையாக்கம் மொழிக்கு உள்ளேயா, வெளியேயா?

பைத்தான் மொழியின் பழைய பதிப்புகளோடு ‘ரோட்டார்’ என்றொரு மாட்யூல் வந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பயன்படுத்திய எனிக்மா இயந்திரத்தின் சுழல்தட்டுகளைப் பின்பற்றி, கொடுத்த எழுத்துகளை மறைத்துத் தருவது அதன் வேலை. எனிக்மாவைப் போர்க்காலத்திலேயே உடைத்துவிட்டார்கள். ஆனாலும் மொழியோடு வருகிற சரக்கு என்றால் அதற்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. நம்பிப் பயன்படுத்தியவர்கள் இருந்திருப்பார்கள். 2003இல் வந்த 2.3 பதிப்பு அதைப் பாதுகாப்பற்றது என்று ஒதுக்கியது. அடுத்த ஆண்டு 2.4இல் எடுத்தே விட்டார்கள். எடுத்த இடத்தில் வேறொன்றையும் வைக்கவில்லை. மின்னஞ்சல் பிரிக்க, ஜிப் கோப்பு திறக்க, எஸ்க்யூலைட் தரவுத்தளம் நடத்த எல்லாம் கூடவே வருகிற மொழி அது. இணையத் தொடர்பைக் காக்கும் டிஎல்எஸ்கூட உண்டு. ஆனால் ஒரு கோப்பை ஏஇஎஸ் முறையில் மறைத்து வைக்க வேண்டுமென்றால் இன்றும் வெளியிலிருந்து ஒரு நூலகத்தைத் தருவிக்கத்தான் வேண்டும்.

பிஎச்பி வேறு வழியில் போனது. 2017 நவம்பரில் வந்த 7.2 பதிப்பு, நவீன மறையாக்க நூலகமான லிப்சோடியத்தை மொழிக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. கோ மொழியில் மறையாக்கம் தொடக்கம் முதலே வீட்டுப் பிள்ளை. ஜாவா மூன்றாவதொரு வழியைப் பிடித்தது: இடைமுகத்தை மட்டும் மொழி வரையறுக்கும், உள்ளிருக்கும் கணிதத்தை யார் வேண்டுமானாலும் ‘புரொவைடர்’ என்ற பெயரில் எழுதித் தரலாம். ஒரே கேள்விக்கு நான்கு மொழிகள் நான்கு பதில் சொல்லியிருக்கின்றன. திறந்த மூல மொழி ஒன்றுக்கு மறையாக்க மாட்யூல் ஒன்றைக் கொடுக்க நினைப்பவர், நிரல் எழுத உட்காருமுன் இந்தப் பதில்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடுவது நல்லது.

முதலில் சட்டம், ஏனென்றால் பழைய முடிவுகள் பலவற்றின் பின்னால் அதுதான் இருந்தது. 1990களின் நடுப்பகுதிவரை அமெரிக்கா வலுவான மறையாக்க மென்பொருளைப் போர்த்தளவாடப் பட்டியலில் வைத்திருந்தது. பீரங்கிக்கு என்ன ஏற்றுமதி விதியோ அதுவே நிரலுக்கும். 1991இல் பிஜிபி மென்பொருளை வெளியிட்ட பில் சிம்மர்மன், அது நாட்டுக்கு வெளியே போய்விட்டது என்பதற்காக 1993 முதல் 1996 வரை குற்றவியல் விசாரணையில் இருந்தார். 1995இல் ஆடம் பேக் என்ற பிரிட்டிஷ்காரர் ஆர்எஸ்ஏ முறையைப் பெர்ல் மொழியில் மூன்றே வரியில் எழுதினார். அதைச் சட்டையில் அச்சடித்து, ‘இந்தச் சட்டை ஓர் ஆயுதம்’ என்று போட்டுக்கொண்டு திரிந்தவர்கள் உண்டு. அதே ஆண்டில் டேனியல் பெர்ன்ஸ்டைன், அப்போது பெர்க்லியில் மாணவர், தான் உருவாக்கிய ‘ஸ்னஃபிள்’ என்ற மறையாக்க முறையை வெளியிட அனுமதி கேட்க வேண்டியிருப்பதே பேச்சுரிமைக்கு எதிரானது என்று அரசின் மேல் வழக்குப் போட்டார். 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்ற அமர்வொன்று அவர் பக்கம் நின்றது. 2000 ஜனவரியில் விதிகள் தளர்ந்தன. பொதுவெளியில் இருக்கும் மூலநிரல் என்றால் உரிய அலுவலகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பித் தெரிவித்தால் போதும் என்றாயிற்று. 2021இல் அந்த மின்னஞ்சலும் பெரும்பாலும் தேவையில்லாமல் போனது. யாரும் அறியாத, தரப்படுத்தப்படாத முறைகளுக்கு மட்டும் இன்னும் அது வேண்டும்.

சட்டம் போய்விட்டாலும் அதன் தழும்பு நிரலில் தங்கியது. ஜாவா வெகுகாலம் 128 பிட்டுக்கு மேற்பட்ட ஏஇஎஸ் சாவியை ஏற்காது; ‘சாவி அளவு சட்டவிரோதம்’ என்று பிழைச்செய்தி காட்டும். அதை நீக்கத் தனியே இரண்டு கோப்புகளை இறக்கிப் போட வேண்டும். இந்தத் தடை இயல்பாகவே நீங்கியது 2017இல் வந்த ஒன்பதாம் பதிப்பில்தான். அமெரிக்க விதிகள் எட்டாத ஆஸ்திரேலியாவில் 2000இல் பிறந்த ‘பவுன்சி காசில்’ நூலகம் ஜாவா உலகில் அவ்வளவு பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். (நம் ஊர் மட்டும் சளைத்ததா? மறையாக்கம் செய்த செய்திகளின் மூலவடிவைக் குடிமக்கள் 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்ற வரைவுக் கொள்கையை இந்திய அரசு 2015 செப்டம்பரில் வெளியிட்டு, எழுந்த கூச்சலில் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது.)

சட்டத்தைவிடப் பெரிய பாடத்தைத் தந்தது பிஎச்பியின் ‘எம்கிரிப்ட்’. யாரும் கெட்ட நோக்கத்தோடு எதையும் செய்யாமலே ஒரு மாட்யூல் எப்படி வினையாக மாறும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கதை எனக்குத் தெரிந்து இல்லை. அதன் அடியிலிருந்த லிப்எம்கிரிப்ட் நூலகத்தின் கடைசி வெளியீடு 2007. அதற்குப் பிறகு அதைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் பிஎச்பி அதைத் தூக்கிச் சுமந்துகொண்டே வந்தது, ஏனென்றால் லட்சக்கணக்கான தளங்கள் அதை நம்பியிருந்தன. பெயர்களே பொறி. ‘ரைன்டால் 256’ என்று ஒரு தேர்வு இருக்கும். ஏஇஎஸ் 256 என்பது இதுதான் என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். அங்கே 256 என்பது சாவியின் நீளம் அல்ல, ஒருமுறைக்கு எடுத்துக்கொள்ளும் துண்டின் நீளம். ஏஇஎஸ் தரத்தில் துண்டு எப்போதும் 128 பிட்தான். ஆக அந்தத் தேர்வை எடுத்தவர் ஏஇஎஸ்ஸே செய்யவில்லை. அவர் மறைத்ததை வேறு மொழியில் எழுதிய நண்பரால் திறக்க முடியாது. ஏனென்று இருவருக்கும் புரியாது. சாவி தேவையைவிடக் குட்டையாக இருந்தால் பழைய பதிப்புகள் சத்தமில்லாமல் பூஜ்யங்களை நிரப்பிக்கொண்டன, 5.6இல்தான் அதைப் பிழை என்று சொல்லத் தொடங்கினார்கள். தரவின் வாலிலும் அதே பூஜ்ய நிரப்பல். இத்தனைக்கும் மேலே, மறைத்த தரவை வழியில் யாராவது மாற்றினால் கண்டுபிடிக்க வழியே கிடையாது.

எம்கிரிப்டின் அல்காரிதங்களில் கணிதப் பிழை இருந்ததென்று யாரும் குறை சொல்லவில்லை. குறை எல்லாம் அவற்றைக் கூப்பிடும் வாசலில். அல்காரிதத்தின் பெயர், இயங்கும் முறை, தொடக்க எண் என்று ஐந்து தகவல்களைக் கேட்டுவிட்டு, எதைக் கொடுத்தாலும் ஏதோ ஒரு குழப்பமான எழுத்துக்குவியலைத் திருப்பித் தரும். குழப்பமாகத் தெரிவதெல்லாம் பாதுகாப்பானது என்று நிரலாளர் வீட்டுக்குப் போய்விடுவார்.

இது பிஎச்பிக்கு மட்டுமான நோய் அல்ல. 2013இல் வெளியான ஓர் ஆய்வு, மறையாக்க இடைமுகங்களைப் பயன்படுத்தும் 11,748 ஆண்ட்ராய்டு செயலிகளை ஆராய்ந்து, 88 விழுக்காடு செயலிகளில் குறைந்தது ஒரு தவறாவது இருப்பதைக் கண்டது. மறு ஆண்டு எம்ஐடி ஆய்வாளர்கள், மறையாக்கம் தொடர்பாகப் பதிவான 269 பாதுகாப்புக் குறைபாடுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். 17 விழுக்காடு மட்டுமே நூலகங்களின் உள்ளே. மீதி 83 விழுக்காடு, நூலகத்தை எடுத்துப் பயன்படுத்திய செயலிகளின் பிழை. அடோபி நிறுவனத்திடமிருந்து 2013இல் களவுபோன சுமார் 15 கோடிக் கணக்குகளின் கடவுச்சொற்கள் ஈசிபி என்ற முறையில் மறைக்கப்பட்டிருந்தன. அந்த முறையில் ஒரே கடவுச்சொல் வைத்த எல்லோருக்கும் ஒரே மறைவடிவம் கிடைக்கும். பயனர்கள் எழுதி வைத்த நினைவூட்டுக் குறிப்புகளும் உடன் கசிந்ததால், ஒருவருடைய குறிப்பைக் கொண்டு இன்னொருவருடைய கடவுச்சொல்லை ஊகிக்கும் விளையாட்டாகிவிட்டது அது. ஜாவாவில் இன்றும் வெறுமனே ‘ஏஇஎஸ்’ என்று மட்டும் கேட்டால் இயல்பாகக் கிடைப்பது இதே ஈசிபிதான். மாற்றினால் பழைய நிரல்கள் உடைந்துபோகும். அதனால் மாற்ற முடியவில்லை.

எனவேதான் லிப்சோடியம் பிஎச்பிக்குள் வந்ததை நான் அல்காரிதங்களின் வரவாகப் பார்க்கவில்லை. ஸ்காட் ஆர்சிஸ்செவ்ஸ்கி முன்வைத்த அந்தத் திட்டம் கொடுத்தது, தேர்வுகளின் பற்றாக்குறையை. ‘சீக்ரெட்பாக்ஸ்’ என்ற செயற்கூறு மூன்றே பொருள் கேட்கும்: செய்தி, ஒருமுறைக்கு மட்டுமான எண், சாவி. அல்காரிதத்தின் பெயரைக் கேட்காது. சாவி நீளம் பிசகினால் உடனே மறுக்கும். திறக்கும்போது ஒரு பிட் மாறியிருந்தாலும் எதையும் தராது. இதன் மூல வடிவமைப்பு, பெர்ன்ஸ்டைன் சக ஆய்வாளர்களோடு உருவாக்கிய ‘நாக்கிள்’ நூலகம். ஃபிராங்க் டெனிஸ் 2013இல் அதை எல்லாக் கணினிகளிலும் ஓடுமாறு எளிதாக்கி லிப்சோடியம் ஆக்கினார். உள்ளே ஓடுவது சல்சா20 என்ற முறையின் நீட்டிப்பு. சல்சா20க்கு அதை ஆக்கிய பெர்ன்ஸ்டைன் முதலில் இட்ட பெயர் ‘ஸ்னஃபிள் 2005’. வெளியிட அனுமதி கேள் என்று அரசு சொன்ன ஸ்னஃபிளின் வாரிசு, இருபதாண்டு கழித்து ஒரு பெரும் இணைய மொழியோடு இலவசமாக வந்து இறங்கியது. எம்கிரிப்ட் அதே 7.2இல் மொழியை விட்டு வெளியேற்றப்பட்டது.

உள்ளே வைப்பதற்கான வலுவான வாதம் இங்கேதான் இருக்கிறது. வெளியே எவ்வளவு நல்ல நூலகம் இருந்தாலும், கூடவே வருவதைத்தான் பெரும்பாலோர் எடுப்பார்கள். கூடவே எதுவும் வராவிட்டால் தேடுபொறியில் முதலில் அகப்படும் பழைய நிரல்துண்டை எடுப்பார்கள். பைத்தானில் இது நடந்தது. பல்லாண்டு எல்லோரும் நம்பியிருந்த பைகிரிப்டோ என்ற வெளி நூலகம் 2013க்குப் பிறகு வெளியீடு காணவில்லை. அதில் நினைவக வழிந்தோட்டம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் புதிய பதிப்பு வரவில்லை. ஆட்கள் மட்டும் இறக்கிக்கொண்டே இருந்தார்கள்.

அந்த வெற்றிடத்தை நிரப்பியது ‘கிரிப்டோகிராஃபி’ என்ற பெயரிலேயே வந்த இன்னொரு வெளி நூலகம். அதன் அமைப்பு எனக்கு மிகப் பிடித்தது. மேல்மாடியில் ‘ஃபெர்னெட்’ போன்ற தயார்நிலைச் சமையல்குறிப்புகள். கீழே நுணுக்கமான பாகங்கள். அவை இருக்கும் கிடங்குக்கு ‘ஹாஸ்மாட்’, அதாவது ஆபத்தான சரக்கு, என்று பெயர். நிரலில் அந்தப் பெயரை எழுதாமல் உள்ளே போகவே முடியாது. நிரலைச் சரிபார்ப்பவர் கண்ணிலும் அது தைக்கும். இதே நூலகம் 2021 பிப்ரவரியில் தன் ஒரு பகுதியை ரஸ்ட் மொழிக்கு மாற்றியபோது, ரஸ்ட் ஓடாத பழங்காலக் கணினிகளை வைத்திருந்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். நினைவகப் பிழைகள் தானாகவே அடைபடும் ஒரு மாற்றத்துக்கே இவ்வளவு எதிர்ப்பு. இதே முடிவைப் பைத்தான் மொழிக்குள்ளேயே எடுத்திருந்தால் எத்தனை ஆண்டு இழுபட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். வெளியே வைப்பதன் லாபம் இது: மொழியின் வெளியீட்டுக்காகக் காத்திராமல் வேகமாக மாறலாம், வேகமாகத் திருத்தலாம்.

இனி நிரலுக்கே வருவோம். மற்ற மாட்யூல்களில் சரியான விடை வந்தால் வேலை முடிந்தது. மறையாக்கத்தில் சரியான விடை வருவது தொடக்கம். 1996இல் பால் கோச்சர், ஒரு கணக்குக்கு எடுக்கும் நேரத்தை அளந்தே சாவியைக் கண்டறியலாம் என்று காட்டினார். 2003இல் அதை வலையமைப்பு வழியாகவே செய்து காட்டிவிட்டார்கள். இரண்டு ரகசியங்களை ஒப்பிடும்போது முதல் வேறுபாட்டிலேயே நின்றுவிடுகிற சாதாரண ஒப்பீடுகூட, எத்தனை எழுத்து பொருந்தியது என்பதைக் கசியவிடும். பிஎச்பி, பைத்தான், கோ மூன்றுமே இதற்கென்று சம நேரம் எடுக்கும் தனி ஒப்பீட்டுச் செயற்கூறுகளைச் சேர்த்தன. சாவியை வேலை முடிந்ததும் நினைவகத்திலிருந்து அழிக்க எழுதிய வரியை, ‘இதற்குப் பயனே இல்லையே’ என்று கம்பைலர் நீக்கிவிடும். நினைவகத்தைத் தானே நிர்வகிக்கும் மொழிகளில் சாவியின் நகல்கள் எங்கெங்கே கிடக்கின்றன என்பது எழுதியவருக்கே தெரியாது.

நல்லெண்ணத்தோடு செய்த சிறு திருத்தம் என்ன செய்யும் என்பதற்கு டெபியன் லினக்ஸின் அனுபவம் போதும். நினைவகச் சோதனைக் கருவி ஒன்று எச்சரிக்கிறதே என்று, அங்கே ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தின் நிரலில் இரண்டு வரிகளை விலக்கினார்கள். ரேண்டம் எண்களுக்கு உயிரூட்டியதே அவற்றில் ஒரு வரி. 2006 செப்டம்பர் முதல் 2008 மே வரை டெபியனிலும் உபுண்டுவிலும் உருவான சாவிகளின் ரேண்டம் தன்மை, செயல்முறை எண்ணை மட்டுமே சார்ந்திருந்தது. ஒவ்வொரு வகைச் சாவிக்கும் சுமார் 32 ஆயிரம் வாய்ப்புகள்தான். எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்கிட்டுப் பட்டியல் போட்டுவிடலாம், போட்டும் விட்டார்கள். லூசியானோ பெல்லோ என்பவர் கண்டுபிடிக்கும்வரை எல்லாச் சோதனைகளும் தேறிக்கொண்டுதான் இருந்தன.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு வேடிக்கையும் உண்டு. பின்கதவு இருக்கலாமென்று 2007இலேயே சந்தேகிக்கப்பட்ட ‘டூயல் ஈசி’ என்ற ரேண்டம் எண் முறையை ஓபன்எஸ்எஸ்எல்லின் அரசுச் சான்று பெற்ற பதிப்பில் சேர்த்திருந்தார்கள். அதில் ஒரு வழு இருந்ததால் அது நடைமுறையில் இயங்கவே இயங்காது என்பது 2013 டிசம்பரில்தான் வெளிப்பட்டது. யாரும் அதைப் பயன்படுத்தியதே இல்லை. சான்றிதழுக்கான சோதனைகளில் மட்டும் தேறியிருந்தது.

தெரிந்தவர்களே எழுதினால்? 2022 அக்டோபரில் நிக்கி மூகா என்ற ஆய்வாளர், எஸ்எச்ஏ-3 ஹேஷ் முறையின் நிரலில் நினைவக வழிந்தோட்டம் ஒன்றை வெளிப்படுத்தினார். அது அந்த அல்காரிதத்தை வடிவமைத்தவர்களே வெளியிட்ட நிரல். பத்தாண்டுக்கும் மேலாகப் பொதுவெளியில் இருந்தது. பைத்தான், பிஎச்பி இரண்டும் அதை அப்படியே உள்ளே எடுத்து வைத்திருந்தன. மிகப் பெரிய தரவைத் துண்டு துண்டாகக் கொடுத்தால் மட்டும் வெடிக்கும் பிழை என்பதால் எந்தச் சோதனையும் அதைத் தொடவில்லை.

பைத்தானின் எதிர்வினைதான் என் கருத்தில் இந்தத் துறையின் சிறந்த அண்மைப் பங்களிப்பு. சரியென்று கணிதமுறையில் நிறுவப்பட்ட ‘ஹக்கிள் ஸ்டார்’ நூலகத்தின் நிரலைக் கொண்டு, மொழியோடு வரும் ஹேஷ் செயற்கூறுகள் அனைத்தையும் படிப்படியாக மாற்றினார்கள். ஜோனதன் புரொட்சென்கோவும் கூட்டாளிகளும் இரண்டரை ஆண்டு உழைத்தார்கள். 2025 ஏப்ரலில் அவர் அறிவித்தபடி, சுமார் 15,000 வரி நிறுவப்பட்ட நிரல் பைத்தானுக்குள் போயிற்று. அந்த இரண்டரை ஆண்டில் புதிய கணிதம் அதிகம் இல்லை. நினைவகம் கிடைக்காமல் போனால் பைத்தான் நிதானமாகப் பிழை சொல்ல வேண்டும். நூலகமோ அந்தச் சாத்தியத்தை முன்பு கருதவில்லை, அதற்காகக் கணித நிறுவலையே திருத்த வேண்டியிருந்தது. புதிய நுண்செயலிகளின் வேகக் கட்டளைகளைப் பழைய கம்பைலர்கள் ஏற்கவில்லை. மூல நூலகம் திருந்தும்போதெல்லாம் பைத்தானுக்குள் இருக்கும் நகலையும் புதுப்பிக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைக்க வேண்டியிருந்தது. இந்த அலுப்பான வேலைகளே மொழிக்கு ஒரு மாட்யூலைக் கொடுப்பது என்பதன் பெரும்பகுதி. ஏஇஎஸ்ஸை எழுதுவது ஒரு கல்லூரி மாணவரின் வார இறுதி வேலை. அதை யாரும் கேட்கவில்லை.

ஆனால் பைத்தான் இன்னமும் ஹேஷை உள்ளேயும் மறையாக்கத்தை வெளியேயும் வைத்திருக்கிறது. எனக்கு இது பாதி சரி. ரேண்டம் எண், கடவுச்சொல்லைக் காப்பதற்கான ஹேஷ், சம நேர ஒப்பீடு, தேர்வுகளே இல்லாத ஒரேயொரு மறையாக்கச் செயற்கூறு: இவை நான்கும் எந்த மொழிக்குள்ளும் இருக்க வேண்டியவை. மற்றதெல்லாம் வெளியே இருக்கட்டும். கோ மொழியைப் பார்த்து எல்லாவற்றையும் உள்ளே வைக்கலாமே என்பவர்கள், அங்கே ஆடம் லாங்லி, பிறகு ஃபிலிப்போ வல்சோர்டா போன்றவர்களுக்குக் கூகுள் சம்பளம் கொடுத்து வந்ததை மறந்துவிடுகிறார்கள். மாலை நேரத் தன்னார்வலர்களைக் கொண்ட ஒரு மொழிக்கு அந்தப் பதிலைக் கடன் வாங்க முடியாது. களைத்துப்போன தன்னார்வலரின் இடத்துக்கு யார் வந்து உட்காருவார்கள் என்பதையும் 2024இல் ‘எக்ஸ்இசட்’ சுருக்கி மென்பொருளில் பார்த்தோம். சுமார் இரண்டாண்டு பொறுமையாகப் பங்களித்து நம்பிக்கை பெற்ற ஒருவர், அதற்குள் பின்கதவு வைத்தார். தன் கணினியில் உள்நுழைவு அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் துருவிப் பார்த்திராவிட்டால் அது உலகெங்கும் பரவியிருக்கும்.

குவாண்டம் கணினிகளுக்கு ஈடுகொடுக்கும் புதிய முறைகள் இப்போது வாசலில் நிற்கின்றன. அவசரப்பட்டால் என்னாகும் என்பதற்கு ‘சைக்’ சாட்சி. அமெரிக்கத் தர நிறுவனத்தின் போட்டியில் 2022 ஜூலையில் நான்காம் சுற்றுக்குப் போன அந்த முறையை, அதே மாத முடிவில் இரண்டு பெல்ஜிய ஆய்வாளர்கள் ஒற்றை நுண்செயலி மையத்தில் ஒரு மணி நேரத்தில் உடைத்தார்கள். போட்டியில் வென்ற எம்எல்-கெம் 2024 ஆகஸ்டில் தரமானது. 2025இன் தொடக்க மாதங்களில் கோ 1.24உம் ஜாவா 24உம் அதைச் சேர்த்துக்கொண்டன. பழைய முறையில் 32 பைட் இருந்த பொதுச்சாவி அதன் நடுத்தர அளவில் 1,184 பைட் ஆகிறது.

கோ இதில் செய்த ஒன்றைப் பங்களிக்க நினைப்பவர்கள் கவனிக்கலாம். தரம் இறுதியாகும் அதே 2024 ஆகஸ்டில் வந்த 1.23 பதிப்பிலேயே, அதன் வரைவு வடிவத்தை டிஎல்எஸ் தொடர்புகளில் இயல்பாக இயக்கிவிட்டார்கள். ஆனால் நிரலாளர் எடுத்து எழுதக்கூடிய பெயர் எதையும் அதற்குக் கொடுக்கவில்லை. யாருடைய நிரலிலும் அது பதியவில்லை. ஆறு மாதம் கழித்து 1.24இல் வரைவை எடுத்துவிட்டுத் தரப்படுத்திய வடிவத்தை வைத்தபோது, அதற்காக யாரும் தம் நிரலில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.